என் பெயருக்கு நேரே அடித்த டிக்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதும் கடிதம் இது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தோம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றாலும் ஆமாம் என்றுதான் பதில் போடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. கண்ணாடி போட்டதிலிருந்து சின்னவளுக்கு எழுத்து இன்னும் அழகாகிவிட்டது, ஆனால் நான் ஒன்று சொன்னால் அவள் அதைப் புத்தகத்தில் வருவதுபோல் மாற்றி எழுதுகிறாள். பக்கத்துக்கு ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன், அதனால் வார்த்தை அவளுடையது என்றாலும் பேச்சு என்னுடையதுதான். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுச் சரி செய்துவிட்டேன் என்கிறார். மாடியில் இருக்கும் தையல்காரருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிடுவதில்லை.

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. உங்கள் கணக்கெடுப்பு அலுவலகத்தில் பெரிய அறிக்கை தயாராகிறது என்றும், முப்பது வருடத்துக்கு முன்னால் எந்த ஊரிலெல்லாம் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்ததோ அந்த ஊரிலெல்லாம் இன்று தொழில் வளர்ந்து கூலி ஏறியிருக்கிறது என்றும், அதைக் கோடு போட்டுப் பார்த்தால் ஏணி சாத்தியதுபோல் தெரிகிறது என்றும் எழுதியிருந்தாய். நம் வார்டில் மட்டும் கணக்கு உதைக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று இருக்கிறது, ஆனால் புது மெஷின் வந்தாலும் தொழில் அங்கேயே நிற்கிறது, ஏன் என்று மேலதிகாரிக்கும் புரியவில்லை எனக்கும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். சின்னவள் அதை மூன்று முறை வாசித்தாள். எனக்கு முதல் முறையே புரிந்துவிட்டது. பதில் சொல்லத்தான் இருபது நாள் ஆயிற்று, ஏனென்றால் அந்தப் பதில் நான்தான்.

எங்கள் சலவை ஆலையில் முன்பு ஆறு பழைய மெஷின்கள் இருந்தது உனக்குத் தெரியும். திருகுகிற பிடிகள், அதில் யாரோ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளிகள், டிரம் சுற்றும் சத்தத்தை வைத்தே உள்ளே போர்வையா விரிப்பா என்று சொல்லிவிடுவோம். நான்கு மாதத்துக்கு முன் முதலாளி மூன்று பெரிய மெஷின்களை இறக்கினார். ஒவ்வொன்றும் நம் வீட்டு முன்னறை அளவு இருக்கும், பிடி கிடையாது, முகத்துக்கு நேரே ஒரு திரை, அதில் வரிவரியாக எழுத்து. அன்று எல்லோருக்கும் தேநீர் கொடுத்து நிற்கவைத்துப் பேசினார். நாடு முன்னேறுகிறது, நாமும் முன்னேற வேண்டும், இந்த மூன்றும் நன்றாக ஓடினால் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் துணி நமக்கு வரும், பின்பக்கம் இன்னொரு கொட்டகை போடலாம், நாற்பது பேருக்கு வேலை கொடுக்கலாம் என்றார். நல்ல மனிதர்தான், கண்ணில் கனவு தெரிந்தது. கடைசியில், திரையில் இருப்பதை வாசித்துத்தான் இதை ஓட்ட வேண்டும், யாருக்கெல்லாம் படிக்கத் தெரியாதோ கையைத் தூக்குங்கள் என்றார். பன்னிரண்டு பெண்கள் நின்றோம், ஒரு கை எழும்பவில்லை. என் கை ஏப்ரன் பைக்குள் ஈரத்தோடு இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. எங்களில் ஏழு பேருக்கு வாசிக்கத் தெரியாது என்று எனக்கு அப்போதே தெரியும். பல் சரியில்லாதவர்கள் சிரிக்கும்போது வாயைப் பொத்துவதைப் பல் சரியில்லாத இன்னொருத்தி கண்டுபிடித்துவிடுவாள் அல்லவா, அப்படித்தான் இதுவும். இதில் வேறு மொழி என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. மெஷின் செய்த கம்பெனி பாடுபட்டு எல்லா வரிகளையும் நம் மொழியிலேயே போட்டுக் கொடுத்திருந்தது.

மெக்கானிக் ஒரே ஒரு நாள் வந்து காட்டிக் கொடுத்தான். நாங்கள் எழுத்தைப் பார்க்கவில்லை, அவன் விரலைப் பார்த்தோம். கீழே இறங்கும் பட்டனை இரண்டு தடவை அழுத்திவிட்டுப் பச்சையை அழுத்தினால் ஆஸ்பத்திரி விரிப்பு, நான்கு தடவை அழுத்திவிட்டுப் பச்சை என்றால் ஓட்டல் துண்டு. எங்களில் ஒருத்தி நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள், ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், அவள் அதற்கு ஒரு ராகம் போட்டு, ரெண்டு இறக்கம் ஒரு பச்சை, நாலு இறக்கம் ஒரு பச்சை என்று பாடிக் கொடுத்தாள். மூன்று மாதம் அந்தப் பாட்டில்தான் ஆலை ஓடியது. முன்பு ஒரு நாளைக்குத் துவைத்ததைப்போல் இரண்டு மடங்கு துவைத்தோம். பத்திரிகைக்காரர் வந்து எங்களையும் மெஷினையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார், அந்தச் செய்தியில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு சின்னவள்தான் எனக்குச் சொன்னாள். முன்னேற்றம் என்று எழுதியிருந்ததாம். பாட்டு என்று எழுதவில்லை.

போன வாரம் புதன்கிழமை காலையில் மெக்கானிக் மறுபடியும் வந்து, ஏதோ செய்துவிட்டு, இனித் தண்ணீரை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் செய்தது இவ்வளவுதான், திரையில் இருந்த வரிகளுக்கு மேலே புதிதாக ஒரு வரியைச் சேர்த்தான். மேலே ஒன்று வந்து உட்கார்ந்ததும் கீழே இருந்ததெல்லாம் ஒவ்வொரு படி இறங்கிவிட்டன. வாசிக்கத் தெரிந்தவளுக்கு அது ஒன்றுமே இல்லை, ஒரு வரி தள்ளிப் பார்த்து அழுத்துவாள். எங்களுக்குப் பாட்டு மாறவில்லை, வாசிக்கத் தெரிந்த ஐந்து பேரும் அதற்குள் திரையைப் பார்க்காமல் பாட்டிலேயே அழுத்தப் பழகியிருந்தார்கள். அன்று பகல் முழுக்க இரண்டு இறக்கம் ஒரு பச்சை என்று அழுத்திக்கொண்டே இருந்தோம். எழுபது நிமிடம் ஓட வேண்டியது நாற்பதிலேயே நின்றது. சூப்பர்வைசர் வந்து, மெக்கானிக் கை பட்டதும் மெஷின் பறக்குது பாருங்க என்று மெச்சிவிட்டுப் போனார். மதியத்துக்குமேல் நான் துணி இறக்கும் பக்கம் மாறினேன். ஆஸ்பத்திரி விரிப்பை டிரம்மிலிருந்து எடுக்கும்போது எப்போதும் கை பொறுக்காது, சூடான பாத்திரத்தைப்போல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே டிராலியில் போடுவோம். அன்று அது கிணற்றிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. வெள்ளையாக இருந்தது, வாசனையாக இருந்தது, சூடு மட்டும் இல்லை. அதற்குள் வேன் இரண்டு நடை போய்விட்டது.

பக்கத்தில் நின்றவள் ஊசி, ஒல்லியாக இருப்பாள், பேச்சும் குத்தும், அதனால் அந்தப் பெயர். அவளிடம் விரிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டாள், பிறகு என்னைப் பார்க்காமலே, நீ வாயைத் திறந்தால் பன்னிரண்டு பேர் வயிற்றிலும் மண் விழும், வெள்ளையாக இருக்கிறதல்லவா, விடு என்றாள். சூப்பர்வைசரிடம் போய்ச் சூடு வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர், வேகமாக முடிந்தால் சந்தோஷப்படுவீர்களா குறை சொல்வீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுச் சாவி வாங்க வந்தாள். துணி ஏற்றும் வாசலோடு நிற்கிறவளை நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். முதுகில் பையோடு குதிகாலைத் தூக்கிக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தாள். "திரைச்சீலை. குளிர்ந்த நீர். கிருமி நீக்கம் இல்லை." பன்னிரண்டு பேரும் கேட்டோம். சூப்பர்வைசர் ஓடி வந்து தானும் வாசித்தார், அவர் முகம் அந்த விரிப்பைவிட வெளுத்துவிட்டது. அவருக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று மூன்று மாதமாக அந்தத் திரையை அவர் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். பத்தொன்பது கட்டில்களில் விரித்தாகிவிட்டது, பிரசவமான பெண்கள் படுக்கும் வார்டு. உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அந்த வார்டுத் தலைமை நர்ஸ், யாருக்காவது காய்ச்சல் வருகிறதா என்று ஏழு நாள் பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைப் பெற்று நான் படுத்திருந்த கட்டில் கண்முன்னால் வந்து வந்து நின்றது. ஏழாம் நாள் அந்த நர்ஸ் போனில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னபோது நான் சோப்புத் தூள் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. அந்த ஏழு நாளும் நான், மெஷின் கோளாறு என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. பிறகு மெக்கானிக் வந்து மெஷினுக்குள் பதிந்திருப்பதை எடுத்துக் காட்டினான். அன்று ஓட்டிய பதினாலு முறையும் திரைச்சீலைதான் அழுத்தப்பட்டிருக்கிறது, மெஷின் சொன்னதைச் செய்திருக்கிறது.

மறுநாள், அதாவது நேற்று முன்தினம் வியாழக்கிழமை, சூப்பர்வைசர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பயிற்சிக்கு வந்தோம் என்பதற்கான வருகைப் பதிவு, கோடு இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எல்லோரும் போட்டார்கள். எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், நீதான் சொல்லிக் கொடுத்தாய், நினைவிருக்கிறதா. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மறுவருடம் பழைய காலண்டரின் பின்பக்கம் என் பெயரை நீ எழுதி, அதன்மேலேயே என்னை நூறு தடவை எழுதவைத்தாய். எனக்கு அது எழுத்தில்லை, கோலத்தைப்போல் ஒரு படம், எங்கே தொடங்கி எங்கே வளைக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் படத்தை வைத்துத்தான் உங்கள் அலுவலகத்து ஆள் என்னைக் கணக்கில் சேர்த்தார். நீ அந்த வேலையில் சேருவதற்கு முந்தைய வருடம் அது, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து வாசலில் நின்றார், நான் தண்ணீர் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். கையெழுத்துப் போடுவேன் என்றேன். அது போதும்மா என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, இன்னும் நாற்பது வீடு பாக்கி என்று சொன்னார். ரேடியோ, ஊசி எல்லோரும் இதே வார்டுதான், அவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். உன் தொண்ணூற்று நான்கில் எத்தனை பேர் எங்களைப்போல் என்று யாருக்குத் தெரியும். உன் ஏணி எங்கே உடைந்திருக்கிறது என்று கேட்டாயே, பெரியவளே, இங்கேதான்.

அந்தத் தாளில் மட்டும் எனக்குக் கை வரவில்லை. கையெல்லாம் ஈரம், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சின்னவள் வாசித்தாள். மெஷினின் வழிமுறைகளைப் படித்துப் புரிந்துகொண்டேன், அவற்றுக்கு மாறாக ஏதேனும் நடந்தால் பொறுப்பு என்னுடையது என்று இருந்தது. வருகை என்ற பேச்சே அதில் இல்லை. தேதி அந்தப் புதன்கிழமைக்கு முந்திய தேதி. அப்பா வேலை முடிந்து வந்து சட்டையிலிருந்து சிமெண்ட் தூசியைக்கூடத் தட்டாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "கையெழுத்துதானே கேக்குறாங்க, கழுத்தையா கேக்குறாங்க, போட்டுட்டுப் போ" என்றார். கழுத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கே தெரியும், பயந்த மனிதர். சாரத்தில் ஏறி நின்று பூசுகிறவருக்குத் தரை எவ்வளவு தூரம் என்று எப்போதும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, உனக்கு வேலை போனால் சின்னவள்தான் போக வேண்டியிருக்கும், துணி மடிக்கும் மேசைக்குப் பதினாறு வயதுப் பெண்களை எடுக்கிறார்கள், இவளுக்கு இன்னும் ஐந்து மாதம்தானே என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். இதை எழுதச் சொன்னதும் சின்னவள் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது, அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று சொன்ன பிறகு எழுதுகிறாள்.

நேற்று காலையில் முதலாளியும் வந்திருந்தார். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் தாளைக் கேட்டார். ஊசி என்னை வெறித்துப் பார்த்தாள். நான் தாளை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தேன். "இதுல முதல் வரியே பொய்யிங்க. நான் எதையும் படிக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாதுன்னு எழுதிக் குடுங்க, அதுல கையெழுத்துப் போடறேன்." முப்பது வருடமாக வெளியில் யாரிடமும் சொல்லாததைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. முதலாளி, அப்படியானால் மூன்று மாதமாக எப்படி ஓட்டினாய் என்று கேட்டார். பாட்டாக என்றேன். அவருக்குப் புரியவில்லை. ரேடியோ பின்னாலிருந்து மெதுவாக அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள், ரெண்டு இறக்கம் ஒரு பச்சை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், உடனே அடங்கிவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. இன்னும் யாருக்கெல்லாம் என்று கேட்டார். முதலில் ரேடியோ கையைத் தூக்கினாள். பிறகு ஒன்று, இன்னொன்று. கடைசியாக ஊசி. அவள் தூக்கிய கையில் விரல்கள் மடங்கியே இருந்தன. ஏழு பேரா என்று சொல்லிவிட்டு முதலாளி அங்கே கவிழ்த்திருந்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை பெரிய மெஷினை வாங்கத் தெரிந்தது, வாசிக்கத் தெரியுமா என்று ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லையே என்று அவர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது. தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் கை பைக்குள்தான் போகும், சொல்லித் தருகிறேன், யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே ஏழு கை எழும்பியிருக்கும் என்று நான் சொன்னேன். சூப்பர்வைசர் என்னை அதட்டினார். முதலாளி அவரைத்தான் சும்மா இருக்கச் சொன்னார்.

அதனால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு மெஷின்களை நிறுத்தி, வந்த அன்று சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளாலேயே மூடிவிட்டார்கள். வாசிக்கத் தெரிந்த ஐந்து பேர் மூன்றாவதை ஓட்டுகிறார்கள், நாங்கள் பழைய மெஷின்களுக்குப் போய்விட்டோம். புது ஆஸ்பத்திரிக்காரர்களிடம் இப்போது முடியாது என்று சொல்லிவிட்டாராம், கொட்டகைக்குக் கொண்டுவந்து போட்ட கம்பிகள் மழையில் நனைகின்றன. எங்கள் ஏழு பேரையும் அனுப்பிவிட்டு வெளியூரிலிருந்து ஆள் எடுப்பதா, தினமும் வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தர ஏற்பாடு செய்வதா என்று திங்கட்கிழமை காலை சொல்கிறேன் என்றிருக்கிறார். கையெழுத்துப் போட்ட மற்றவர்களின் தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார், அது ஒன்றுதான் இப்போதைக்குக் கிடைத்தது. ஊசி என்னிடம் இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை வேலை போனால் ஏழு வீட்டில் அடுப்புப் பிரச்சினை, அதற்கு நான்தான் காரணம் என்று அவள் சொன்னால் எனக்குப் பதில் கிடையாது. ஆனால் பத்தொன்பது கட்டில்களை நினைத்தால் வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். முதலாவது, அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் சண்டையாகிறது, நீ எழுதினால் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிப்பார், இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். வேலை இருந்தாலும் போனாலும் சின்னவள் மடிக்கும் மேசைக்குப் போகக் கூடாது என்று எழுது. அன்றைக்கு அந்தத் திரையை வாசித்தது அவள்தான் என்பதை மறக்காமல் எழுது. அவளையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டால், நாளைக்கு இன்னொரு வரி ஏறும்போது வாசலிலிருந்து யாரைக் கைப்பிடித்து இழுத்து வருவது. இரண்டாவது காரியம் உன் மேலதிகாரியிடம் கேட்க வேண்டியது. அந்தக் கணக்கெடுப்புத் தாள்களில் என் பெயர் இருக்கும் தாளைத் தேடி எடு. அதற்கு நேரே ஒரு டிக் இருக்கும், அதைக் கோடு போட்டு அடித்துவிடு. தொண்ணூற்று நான்கில் ஒன்று குறையும், உனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். பரவாயில்லை, குறையட்டும். சரியான இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினால்தான் ஏறுவது கணக்கில் வரும். எப்போதாவது அந்த டிக்கைத் திருப்பிப் போடும் நாள் வந்தால் நானே எழுதுகிறேன், சின்னவள் கையால் இல்லை.

மழையில் போகும்போது குடையை மறக்காதே, இருமல் இருந்தால் தள்ளிப்போடாதே. திங்கட்கிழமையை நினைத்துக்கொள். எங்கள் மூவரின் நல்ல நினைப்பும் உன்னோடு இருக்கட்டும், நீ எண்ணுவதெல்லாம் சரியாக வரட்டும்.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே இதன் கீழ் கையெழுத்திடும்,

உன் அம்மா